தட்டம்மை வந்து போனால் எதிர்ப்பு சக்தி கூடுதல்தான். அதற்கு உடம்பு என்ன விலை கொடுக்கிறது?

நொய்டாவில் நான் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில் தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. நல்ல புழுங்கல் அரிசி எந்தக் கடையில் கிடைக்கும், பொங்கலுக்குக் கரும்பு யார் வாங்கி வருவது என்பதுதான் வழக்கமான விவாதம். சில வாரங்களுக்கு முன் அதில் ஒரு ஃபார்வர்டு வந்து விழுந்தது. "அந்தக் காலத்துல எல்லாருக்கும் தட்டம்மை வந்துச்சு. வேப்பிலை போட்டுப் படுத்தோம், எழுந்தோம். இயற்கையா வர்ற எதிர்ப்பு சக்திதான் ஒரிஜினல். ஊசியில வர்றது டூப்ளிகேட், கொஞ்ச வருஷத்துல போயிடும்." கீழே கைகூப்பும் எமோஜி நான்கு.

அனுப்பியவர் விவரம் தெரியாதவர் இல்லை. ஐடி கம்பெனியில் டெலிவரி மேனேஜர். அந்த வாரம்தான் தங்கள் குழந்தைக்கு ஒன்பது மாத ஊசி போட வேண்டியிருந்த ஒரு தம்பதி, "இது உண்மையாண்ணா?" என்று கேட்டிருந்தார்கள். டேட்டா ஜர்னலிஸ்ட் என்பதால் குரூப்பில் இந்த மாதிரி கேள்விகள் கடைசியில் என் பக்கம் திரும்பும். "ஃபேக்" என்று டைப் செய்தேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன். ஏனென்றால் அந்த மெசேஜில் பாதி உண்மை. பாதி உண்மையை முழுப் பொய் என்று சொன்னால், கூகுள் செய்து பார்க்கத் தெரிந்தவர்கள் அடுத்த முறை நம்மை நம்ப மாட்டார்கள்.

அந்தப் பாதியிலிருந்தே தொடங்கலாம்.

எது உண்மை?

1846-ல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் இந்தத் தீவுகளில் அப்போது எட்டாயிரம் பேருக்கும் குறைவாகவே வசித்தார்கள். அதில் ஏறக்குறைய 6,000 பேர் படுத்தார்கள். நிலவரத்தைப் பார்க்க டென்மார்க் அரசு பீட்டர் பானம் என்ற இளம் மருத்துவரை அனுப்பியது. அவர் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அந்தத் தீவுகளில் அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781-ல். அப்போது நோய் வந்து பிழைத்த கிழவர்கள், கிழவிகள் யாருக்கும் இந்த முறை வரவில்லை. இடையில் 65 ஆண்டுகள் அங்கே வைரஸே இல்லை. அப்படியும் உடம்பு அதை மறக்கவில்லை.

இன்றைய ரத்தப் பரிசோதனைகளும் இதைத்தான் காட்டுகின்றன. தட்டம்மை வந்து குணமானவர்களின் ரத்தத்தில் அதற்கான ஆன்டிபாடி அளவு, தடுப்பூசி போட்டவர்களைவிடப் பொதுவாக அதிகம். தடுப்பூசியால் வந்த ஆன்டிபாடி ஆண்டுகள் போகப்போக மெல்லக் குறைகிறது. தடுப்பூசி எல்லோருக்கும் முதல் முறையிலேயே வேலை செய்வதும் இல்லை. ஒன்பது மாதத்தில் ஒரு டோஸ் போட்டால் சுமார் 85% குழந்தைகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். ஒரு வயதுக்குப் பின் போட்டால் சுமார் 93%. இரண்டு டோஸும் முடித்தால் சுமார் 97%.

இந்த எண்களை மட்டும் எடுத்து ஒரு பார் சார்ட் போட்டால் ஃபார்வர்டு அனுப்பியவர் ஜெயித்துவிடுவார். ஆனால் அந்த சார்ட்டில் இரண்டு விஷயங்கள் இருக்காது. ஒன்று, ஆன்டிபாடி என்பது பாஸ் மார்க் மாதிரி. நோயைத் தடுக்க ஓர் அளவு தேவை. அதைத் தாண்டியபின் 60 வாங்கினாலும் 90 வாங்கினாலும் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. ரத்தத்தில் ஆன்டிபாடி இறங்கினாலும் அதைத் திரும்பத் தயாரிக்கத் தெரிந்த நினைவு செல்கள் இருக்கின்றன. இரண்டு டோஸ் போட்டும் அபூர்வமாகத் தட்டம்மை வருபவர்களுக்கு அது பெரும்பாலும் லேசாக வருவதும், அவர்கள் பிறருக்குப் பரப்புவது மிகக் குறைவாக இருப்பதும் இதனால்தான்.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. அந்த சார்ட் தட்டம்மைக்கு எதிரான ஆன்டிபாடியை மட்டும் அளக்கிறது. மற்ற நோய்களுக்கு எதிராக அந்தக் குழந்தை ஏற்கெனவே சேர்த்துவைத்திருந்த ஆன்டிபாடிகள் என்ன ஆயின என்ற கேள்வியே அதில் இல்லை.

அசல் வைரஸ் உள்ளே போனால் என்ன நடக்கிறது?

ஊரில் உலாவும் வைரஸை 'வைல்டு ஸ்ட்ரெய்ன்' என்பார்கள். குரூப்பில் வந்த 'ஒரிஜினல்' நினைவாக நான் அதை அசல் வைரஸ் என்றே சொல்கிறேன். நோயாளி இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் அது இரண்டு மணி நேரம் வரை மிதக்கும்.

மூச்சோடு போவதால் தட்டம்மையை ஒரு நுரையீரல் நோய், அல்லது தடிப்பைப் பார்த்து ஒரு தோல் நோய் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது முதலில் பிடிப்பது நம் பாதுகாப்புப் படையைத்தான். ஸ்லாம் என்றொரு புரதம் நம் நோயெதிர்ப்பு செல்களின் மேற்பரப்பில் இருக்கிறது. அதுதான் இந்த வைரஸுக்குக் கதவுப்பிடி. 2000-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். நுரையீரலில் காவல் நிற்கும் செல்கள் வைரஸைப் பிடித்து நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுபோகின்றன. காவல்காரரே திருடனை ஸ்டேஷனுக்குள் கூட்டிப்போன கதை. அங்கே பி செல்கள், டி செல்கள் கூட்டமாக இருக்கின்றன. வைரஸ் அவற்றுக்குள் பெருகி உடல் முழுதும் போகிறது. பிறகுதான் மூச்சுப்பாதையின் செல்களுக்கு வந்து, நெக்டின்-4 என்ற வேறொரு புரதத்தின் வழியாக நுழைந்து, இருமலில் வெளியேறுகிறது. உடம்பில் தடிப்பு தெரியும்போது வைரஸ் நுழைந்து கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகியிருக்கும். அந்தத் தடிப்பும் வைரஸின் நேரடி வேலை இல்லை; தொற்றிய செல்களை நம் டி செல்கள் தேடி அழிப்பதன் அடையாளம்.

இங்கேதான் சிக்கல். ஸ்லாம் புரதம் அதிகம் இருப்பது நினைவு செல்களில், அதாவது பழைய நோய்களையும் பழைய தடுப்பூசிகளையும் ஞாபகம் வைத்திருக்கும் செல்களில். தட்டம்மையை விரட்டும் முயற்சியில் உடம்பு தன் சொந்த நினைவு செல்களைத்தான் கொல்ல வேண்டியிருக்கிறது. வைரஸும் போகிறது, ஞாபகமும் போகிறது.

ஆபீஸ் உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும். ஒரு டீமில் நூறு பேர். பத்து வருட அனுபவசாலிகள் நாற்பது பேர் ஒரே மாதத்தில் வெளியே போகிறார்கள். அடுத்த மாதமே நாற்பது ஃப்ரெஷர்கள் சேர்கிறார்கள். எச்ஆர் டாஷ்போர்டில் எண்ணிக்கை அதே நூறு, பச்சை விளக்கு. ஆனால் புதிதாக வந்த நாற்பது பேருக்கும் தெரிந்தது ஒரே ஒரு கிளையன்ட்டை. தட்டம்மைக்குப் பிறகு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்து, சீக்கிரமே பழைய எண்ணிக்கைக்குத் திரும்பிவிடும். திரும்பி வந்த கூட்டத்தில் கணிசமான பங்கு தட்டம்மையை மட்டும் அறிந்த செல்கள். தட்டம்மைக்கான எதிர்ப்பு அவ்வளவு வலுவாக இருப்பதும், மற்றவற்றுக்கான எதிர்ப்பு சரிவதும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள்.

இது புதிய சந்தேகமில்லை. 1908-லேயே வியன்னாவின் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே என்ற குழந்தை மருத்துவர் கவனித்திருந்தார்: காசநோய்க் கிருமி உடம்பில் உள்ள குழந்தைகளின் தோலில் பரிசோதனை மருந்தைக் குத்தினால் வழக்கமாகத் தடிக்கும்; அதே குழந்தைக்குத் தட்டம்மை வந்திருக்கும்போது தடிப்பதில்லை. தெரிந்த எதிரியையே உடம்புக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த மறதி எவ்வளவு ஆழமானது, எத்தனை நாள் நீடிக்கும் என்பதை அளக்கத்தான் நூறு ஆண்டுக்கு மேல் ஆனது.

77 குழந்தைகள்

2013-ல் நெதர்லாந்தில், மத நம்பிக்கை காரணமாகத் தடுப்பூசி போடாத புரோட்டஸ்டன்ட் சமூகம் ஒன்றில் தட்டம்மை பரவியது. ஆய்வாளர்கள் அங்கே, இன்னும் நோய் வராத குழந்தைகளிடம் பெற்றோர் அனுமதியுடன் ரத்த மாதிரி எடுத்துவைத்தார்கள். பிறகு நோய் வந்து குணமானபின் மறுபடி எடுத்தார்கள். முன், பின் என இரண்டு மாதிரியும் கையில் இருப்பதுதான் இந்த ஆய்வின் பலம். தட்டம்மை எப்போது யாருக்கு வரும் என்று யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால் இப்படிப்பட்ட டேட்டா கிடைப்பது மிக அபூர்வம்.

ஹார்வர்டின் மைக்கேல் மினா, ஸ்டீஃபன் எலெட்ஜ் குழுவினர் இதில் 77 குழந்தைகளின் ரத்தத்தை வைர்ஸ்கேன் என்ற முறையில் சோதித்தார்கள். நூற்றுக்கணக்கான கிருமிகளின் ஆயிரக்கணக்கான துண்டுகளில் எவற்றுக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறது என்று ஒரே நேரத்தில் பட்டியலிடும் முறை அது. 2019 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. தட்டம்மைக்குப் பின் குழந்தைகள் தங்களிடமிருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்திருந்தார்கள்.

இந்த வரம்பைக் கவனியுங்கள். செய்திகளில் '73%' மட்டும்தான் தலைப்பானது. அது மிக மோசமான குழந்தையின் எண். லேசாக நோய் வந்தவர்களில் இடைநிலை இழப்பு மூன்றில் ஒரு பங்கு, கடுமையாக வந்தவர்களில் ஐந்தில் இரண்டு பங்கு. பயமுறுத்த 73 தேவையில்லை. சாதாரணமாக வந்து போனதாக அம்மா நினைக்கும் தட்டம்மையிலேயே மூன்றில் ஒரு பங்கு பழைய ஞாபகம் போகிறது என்பதுதான் எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது.

அதே ஆய்வில், எம்எம்ஆர் தடுப்பூசி போட்ட குழந்தைகளின் ரத்தமும் முன், பின் என்று சோதிக்கப்பட்டது. அவர்களிடம் இந்த இழப்பு இல்லை.

இழந்த ஆன்டிபாடியை உடம்பு திரும்பச் சம்பாதிக்க முடியும். ஆனால் அதற்கு அந்தந்தக் கிருமியை மறுபடி சந்திக்க வேண்டும், அதாவது மறுபடி நோய்வாய்ப்பட வேண்டும். நல்ல சாப்பாடும் ஆஸ்பத்திரியும் எட்டும் தூரத்தில் இருக்கும் குழந்தைக்கு அது சில காய்ச்சல்களோடு போகலாம். இரண்டும் இல்லாத குழந்தைக்கு நிமோனியாவாகவோ வயிற்றுப்போக்காகவோ முடியலாம்.

எவ்வளவு காலம்? இதே மினா 2015-ல் வெளியிட்ட ஆய்வு இங்கிலாந்து-வேல்ஸ், அமெரிக்கா, டென்மார்க் ஆகியவற்றின் பல பத்தாண்டு இறப்புப் பதிவுகளை எடுத்துக்கொண்டது. ஓர் ஆண்டில் தட்டம்மை அதிகமானால், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மற்ற தொற்றுநோய்களால் குழந்தைகள் இறப்பதும் அதிகமாகிறது என்று அது காட்டியது. ஒரு டேட்டா ஆளாக இங்கே கை தூக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது: இரண்டு கோடுகள் சேர்ந்து ஏறி இறங்குவதால் ஒன்றால் மற்றது நடந்தது என்று ஆகாது. அந்தக் காலத்தில் வீடு, உணவு, மருந்து எல்லாமே மாறிக்கொண்டிருந்தன. 2015 ஆய்வு மட்டும் இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். செல்லுக்குள் நடப்பதையும் ரத்தத்தில் நடப்பதையும் 2019 ஆய்வுகள் காட்டிய பிறகுதான் அந்தப் பழைய கோடுகளுக்கு ஓர் அர்த்தம் கிடைக்கிறது.

தடுப்பூசி வைரஸ் வேறா?

வேறு இல்லை என்பதுதான் சுவாரசியம். 1954-ல் அமெரிக்காவின் பாஸ்டன் அருகே ஒரு பள்ளியில் தட்டம்மை பரவியபோது, ஜான் எண்டர்ஸும் தாமஸ் பீபிள்ஸும் டேவிட் எட்மன்ஸ்டன் என்ற மாணவனின் ரத்தத்திலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். இன்று உலகில் அதிகம் பயன்படும் தட்டம்மைத் தடுப்பூசிகள் அந்த ஒரு பையனின் வைரஸிலிருந்து வந்தவை. மனிதச் சிறுநீரகச் செல்களில் 24 முறை, பனிக்குடச் செல்களில் 28 முறை, பிறகு கோழி முட்டைக் கருவில் என்று மாற்றி மாற்றி வளர்த்தார்கள். புது இடத்தில் வாழப் பழகப் பழக, மனித உடம்பில் வேகமாகப் பரவும் திறனை அது இழந்தது. 1963-ல் முதல் தடுப்பூசிக்கு அமெரிக்காவில் உரிமம் கிடைத்தது. நம் ஊரில் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் எம்ஆர் தடுப்பூசியில் இருப்பது இதே குடும்பத்தின் எட்மன்ஸ்டன்-ஜாக்ரெப் என்ற வகை.

பாடப்புத்தகத்தில் வித்தியாசம் எளிதாக இருக்கும்: அசல் வைரஸ் ஸ்லாம் வழியாக நுழைகிறது, தடுப்பூசி வைரஸ் சிடி46 என்ற இன்னொரு புரதத்தையும் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது, அது உடம்பின் பெரும்பாலான செல்களில் இருப்பதால் நினைவு செல்கள் மீது மட்டும் குறிவைப்பதில்லை. கேட்க அழகான விளக்கம். ஆனால் குரங்குகளின் தசையில் தடுப்பூசியைப் போட்டுப் பார்த்தபோது, அங்கேயும் வைரஸ் பிடித்தது பெரும்பாலும் நோயெதிர்ப்பு செல்களைத்தான். மாறியது அளவும் தூரமும். ஊசி போட்ட இடத்திலும் அருகிலுள்ள நிணநீர்க் கணுவிலும் அது கொஞ்சம் பெருகுகிறது. உடல் முழுவதும் காட்டுத்தீயாகப் போவதில்லை. நம் செல்கள் எழுப்பும் இன்டர்ஃபெரான் என்ற முதல் எச்சரிக்கை மணியை அடக்குவதில் அசல் வைரஸ் கில்லாடி; தடுப்பூசி வைரஸுக்கு அந்தத் திறமை குறைவு. அதனால் உடம்பு சீக்கிரம் விழித்துக்கொள்கிறது, பாடம் படிக்கிறது, வைரஸ் பரவும் முன் முடித்துவிடுகிறது. ஆன்டிபாடி சற்றுக் குறைவாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

தடுப்பூசி ஒன்றுமே செய்வதில்லை என்று சொன்னால் அது பொய். 5 முதல் 15 சதவீதக் குழந்தைகளுக்கு ஏழாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் வரும். சிலருக்கு லேசான தடிப்பும் வரும். ஃபான் பிர்கே பார்த்த அந்தக் காசநோய் தோல் பரிசோதனை, தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பிறகும் சில வாரங்களுக்குச் சரியாகக் காட்டாமல் போகலாம். அதனால்தான் அந்தப் பரிசோதனையை ஊசி போடும் அன்றே செய்யச் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் நான்கு வாரம் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். அசல் வைரஸ் செய்வதன் ஒரு மெல்லிய நிழல் தடுப்பூசியிலும் உண்டு. ஆனால் ஊசி போட்ட குழந்தையிடமிருந்து தடுப்பூசி வைரஸ் இன்னொருவருக்குப் பரவியதாகப் பதிவு இல்லை. தட்டம்மை வந்து பல ஆண்டுகள் கழித்து மூளையைத் தாக்கிக் கொல்லும் எஸ்எஸ்பிஇ என்ற நோயில், மூளைத் திசுவில் கிடைத்த வைரஸ்களின் மரபணுவைப் பார்த்தால் எல்லாம் அசல் வகை. தடுப்பூசி வகை இல்லை.

தடுப்பூசியும் தவறியிருக்கிறது

இதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஒரு ஃபார்வர்டு எழுதியவன் ஆகிவிடுவேன். 1963-ல் உயிருள்ள வைரஸ் தடுப்பூசியோடு, கொல்லப்பட்ட வைரஸ் தடுப்பூசியும் அமெரிக்காவில் வந்தது. 'பாதுகாப்பானது' என்று பல லட்சம் பேருக்குப் போட்டார்கள். அந்தப் பாதுகாப்பு சீக்கிரம் மங்கியது. பிறகு அசல் வைரஸ் தாக்கியபோது சிலருக்கு வழக்கத்தைவிட மோசமான, விசித்திரமான தட்டம்மை வந்தது. 1967-ல் அது திரும்பப் பெறப்பட்டது.

இன்னொன்று 1989-ல். ஒன்பது மாதம்வரை காத்திருக்காமல் ஆறு மாதத்திலேயே காப்பாற்றலாம் என்று, வழக்கத்தைவிடப் பல மடங்கு வைரஸ் கொண்ட எட்மன்ஸ்டன்-ஜாக்ரெப் ஊசியை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தட்டம்மையிலிருந்து அது காப்பாற்றவே செய்தது. ஆனால் செனகல், கினி-பிசாவ், ஹைட்டி ஆய்வுகளில், அந்த ஊசி போட்ட பெண் குழந்தைகள் பின்னாளில் மற்ற காரணங்களால் அதிகம் இறந்தது தெரியவந்தது. 1992-ல் பரிந்துரை வாபஸ். இன்று நம் குழந்தைகளுக்குப் போடுவது அந்த அதிக அளவு ஊசி அல்ல. கவனிக்க வேண்டியது இது: அந்த ஆபத்தைக் கண்டுபிடித்ததும் தடுப்பூசி போட்ட குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள்தான்.

குறைந்த ஆன்டிபாடி யாரைப் பாதிக்கிறது?

இப்போது ஃபார்வர்டின் பாதி உண்மைக்குத் திரும்புவோம். தடுப்பூசி ஆன்டிபாடி குறைவு என்பது யாருக்காவது நிஜமாக வலிக்கிறதா? ஆமாம். பிறந்த குழந்தைக்கு.

கருவில் இருக்கும்போது தாயின் ஆன்டிபாடி குழந்தைக்குப் போகிறது. நம் பாட்டிகளுக்குத் தட்டம்மை வந்திருந்தது. அவர்கள் கொடுத்த பங்கு பெரிது. தடுப்பூசி போட்ட தலைமுறைத் தாய்மார்கள் கொடுக்கும் பங்கு சிறிது. பெல்ஜியத்தில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், தட்டம்மை வந்து குணமான தாய்மார்களின் குழந்தைகளுக்கு அந்தப் பாதுகாப்பு சராசரியாக மூன்றே முக்கால் மாதம் நின்றது. தடுப்பூசி போட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஒரு மாதம்தான்.

நம் அட்டவணையில் முதல் டோஸ் ஒன்பதாம் மாதம். அதற்கு முன்னால் போட்டால், தாயின் மிச்ச ஆன்டிபாடியும் குழந்தையின் முதிராத நோயெதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து ஊசியின் பலனைக் குறைத்துவிடும். ஆக, இரண்டாம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதம் வரை ஒரு குழந்தைக்குச் சொந்தப் பாதுகாப்பு கிட்டத்தட்ட எதுவும் இல்லை. சுற்றியிருப்பவர்களுக்குத் தட்டம்மை வராமல் இருப்பதுதான் அதன் ஒரே வேலி. 2022 இறுதியில் மும்பையின் கோவண்டி பகுதியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, மத்திய அரசு சொன்ன வழிகாட்டலில் இந்த இடைவெளி தெரிந்தது: ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள் மொத்த நோயாளிகளில் 10 சதவீதத்தைத் தாண்டும் இடங்களில், ஆறு மாதத்திலேயே ஒரு கூடுதல் டோஸ் போடலாம் என்றது. அது அட்டவணைக் கணக்கில் சேராது. ஒன்பதாம் மாத ஊசி மறுபடி போட வேண்டும்.

"இயற்கையா வரட்டும்" என்று ஒரு வீடு எடுக்கும் முடிவின் செலவு பெரும்பாலும் அந்த வீட்டோடு நிற்பதில்லை. அதே லிஃப்டில் ஏறும் ஐந்து மாதக் குழந்தைக்கும் அதில் பங்கு உண்டு.

வேலி எவ்வளவு உயரம் வேண்டும்?

எல்லோரும் பாதுகாப்பில்லாமல் இருக்கும் ஊரில், தட்டம்மை வந்த ஒருவர் 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். 12 என்றால் சங்கிலி அறுபட 91.7% பேருக்கு எதிர்ப்பு சக்தி வேண்டும். 18 என்றால் 94.4%. இரண்டு டோஸும் 95% பேரை எட்ட வேண்டும் என்று சொல்வதன் அடிப்படை இந்த எளிய கணக்குதான்.

இந்தியா எங்கே இருக்கிறது? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் 87.9% பேர் முதல் டோஸ் போட்டிருந்தார்கள். 2024-25 அரசுப் பதிவுகளின்படி முதல் டோஸ் 93.7%, இரண்டாவது 92.2%. முதலாவது வீடு வீடாகக் கேட்டது, இரண்டாவது சுகாதார நிலையங்கள் பதிவு செய்தது. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்து 'ஏறிவிட்டது' என்று சொல்ல மாட்டேன். சரி, நல்ல எண்ணையே எடுத்துக்கொள்வோம். 92.2% பேரில் 97% பேருக்குப் பலன், ஒரு டோஸோடு நின்ற மீதி 1.5% பேரில் 85% பேருக்குப் பலன் என்று வைத்தால், மொத்தம் சுமார் 90.7%. வேலி ஒரு சாண் குறைகிறது. இது நாட்டின் சராசரி. வைரஸ் சராசரியைப் பார்த்துப் பரவுவதில்லை. 95% உள்ள மாவட்டத்தில் 70% உள்ள ஒரு பேட்டையைத் தேடிப்போய் உட்காரும். 2023-க்குள் தட்டம்மையை ஒழிப்பது என்ற இலக்கு 2026-க்குத் தள்ளிப்போனதற்கு இப்படிப்பட்ட பேட்டைகள் ஒரு முக்கியக் காரணம்.

வதந்தி எப்படி வேலை செய்யும் என்பது தமிழர்களுக்கு நினைவிருக்கும். 2017 பிப்ரவரியில் எம்ஆர் தடுப்பூசி முகாம் முதலில் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. வாட்ஸ்அப்பில் பரவிய கதைகளால் பள்ளிகளில் பெற்றோர் தயங்கினார்கள். அந்த மாதத்தோடு முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கு நீண்டது. பணக்கார நாடுகளும் தப்பவில்லை. 2025-ல் டெக்சாஸில் 762 பேருக்குத் தட்டம்மை வந்து இரண்டு குழந்தைகள் இறந்தன. அதே ஆண்டு நவம்பரில் கனடா 'தட்டம்மை ஒழிந்த நாடு' என்ற தகுதியை இழந்தது.

உங்களுக்கு எத்தனை டோஸ்?

இதை வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் 1985-க்குப் பிறகு பிறந்தவர்களாக இருப்பீர்கள். அந்த ஆண்டுதான் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசி சேர்ந்தது. அரசு அட்டவணையில் இரண்டாவது டோஸ் வந்தது 2010-ல். தனியார் மருத்துவரிடம் எம்எம்ஆர் போட்டவர்களையும், 2017 முகாமில் பள்ளியில் போட்டுக்கொண்டவர்களையும் தவிர்த்தால், இன்று முப்பதுகளில் இருக்கும் பலர் ஒற்றை டோஸ் தலைமுறை. என் தடுப்பூசி அட்டை எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். "உனக்கு அம்மை வந்திருக்கே" என்றார். எந்த அம்மை, சின்னம்மையா, மணல்வாரியா? அவருக்கு ஞாபகமில்லை. நம் வீடுகளில் எல்லாமே 'அம்மை'தான்.

குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்பது நல்லது. உயிருள்ள வைரஸ் ஊசி என்பதால் கர்ப்ப காலத்தில் போட மாட்டார்கள். போட்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்கச் சொல்வார்கள். அட்டை இல்லை, ஞாபகமும் இல்லை என்றால், ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி உள்ளவர் இன்னொரு டோஸ் போட்டுக்கொள்வதில் ஆபத்து இல்லை.

குரூப்பில் கடைசியில் நான் அனுப்பியது மூன்று வரி. "நீங்க சொன்னதுல பாதி சரி சார். தட்டம்மைக்கு எதிரா மட்டும் பார்த்தா நோய் வந்தவங்களுக்கு ஆன்டிபாடி அதிகம். அது வர்றதுக்கு, மத்த நோய்களுக்கு எதிரா இருந்ததுல மூணுல ஒரு பங்கைக் கொடுக்கணும்." அவர் பதில் போடவில்லை. அடுத்த நாள் தனி மெசேஜில், 1984-ல் பிறந்த தனக்கு ஒரு டோஸாவது போட்டிருப்பார்களா என்று கேட்டார்.

அந்தத் தம்பதி சனிக்கிழமை போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். அன்று இரவு குழந்தைக்கு ஒன்றுமில்லை. எட்டாம் நாள் லேசாக உடம்பு சுட்டது. மறுநாள் மாலை குழந்தை பார்க்கில் இருந்தது.